பள்ளிப் படிப்போடு வேலை தேடக் கிளம்புகிறவர்களுக்கு

பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம் உடம்பில் ஊறிவிடுகிறது. எழுதிக் கொடுத்தால் யாராவது திருத்தி, மார்க் போட்டு, திருப்பித் தருவார்கள். வேலை தேடும்போது முதலில் உடைவது அதுதான். இருபது இடத்துக்கு விண்ணப்பம் போடுவீர்கள், பெரும்பாலான இடங்களிலிருந்து ‘இல்லை’ என்றுகூடப் பதில் வராது. மூன்றாவது வாரத்திலேயே ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று உட்கார்ந்துவிடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் ஆள் எடுக்கிற பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான், பல விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அந்த இடத்துக்கு ஆள் கிடைத்துவிடுகிறது என்பது எனக்குத் தெரியும். நிலைமையும் கடினம்தான். 2023-ல் உலக அளவில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களின் வேலையின்மை 13 சதவீதம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டது. பதினைந்து வருஷத்தில் அதுதான் குறைந்த அளவு, அப்படியும் பெரியவர்களின் வேலையின்மையைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

சரி, ‘அனுபவம் வேண்டும்’ என்று எல்லோரும் கேட்கிறார்களே, அனுபவத்துக்கு எங்கே போவது? முதல் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எங்கள் மனசில் ஓடுகிற கேள்வி ஒன்றுதான்: இந்தப் பையன், இந்தப் பெண், சொன்ன நேரத்துக்கு நாளைக்கும் வருவாரா, அடுத்த மாசமும் வருவாரா? வேலையை நாங்கள் சொல்லிக் கொடுத்துவிடலாம், வருகிற பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஒருமுறை ஒரு விண்ணப்பத்தில் ‘அனுபவம்’ என்ற இடத்தில் ஒரு பெண் இப்படி எழுதியிருந்தார்: இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு என் வகுப்புக்குப் போவேன், ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. அவரைத்தான் முதலில் கூப்பிட்டேன். ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாகச் செயல்படுபவர்’ என்று எல்லோரும் எழுதுகிற வரிகளை விட்டுவிட்டு இப்படி ஒன்றை யோசித்து எழுதுங்கள். விடுமுறையில் செய்த வேலை, விளையாட்டு அணிக்குச் சாமான் பார்த்துக்கொண்டது, வீட்டில் நோயாளியைக் கவனித்தது, எல்லாமே கணக்கில் சேரும்.

பயோடேட்டா ஒரு பக்கம் போதும். எழுதி முடித்ததும் அதிலிருக்கும் போன் நம்பரைப் பார்த்து, இன்னொருவர் போனிலிருந்து நீங்களே அடித்துப் பாருங்கள். ஒரு எண் மாறிப்போய், நாங்கள் கூப்பிட்டு வேறு யாரோ எடுத்த விண்ணப்பங்கள் எத்தனையோ. அப்புறம், தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விடாதீர்கள்.

விளம்பரத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். வேலை தேடுகிறேன் என்று வெளியே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லுங்கள், அதுவும் நெருங்கிய நண்பர்களைத் தாண்டிச் சொல்லுங்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திக்கிறவர்கள் 100-க்கு 17 பேருக்கும் குறைவு. அவர் பேசியது ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களிடம், ஆனால் காரணம் உங்களுக்கும் பொருந்தும்: கூடவே சுற்றுகிற நண்பனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும், எப்போதோ பார்க்கிற அக்காவின் தோழிக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. பழைய ஆசிரியர், விளையாட்டுப் பயிற்சியாளர், அப்பாவோடு முன்பு வேலை பார்த்தவர் என்று ஒரு பட்டியல் எழுதி ஒவ்வொருவரிடமும் பேசுங்கள். ‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்க’ என்றால் மறந்துவிடுவார்கள். ‘கணக்குப் பதிவு, சரக்கு எடுத்து வைப்பது மாதிரி வேலை, திங்கட்கிழமையே சேர முடியும்’ என்றால் நினைவில் நிற்கும்.

சின்ன நிறுவனங்களுக்கு நேரில் போகலாம், கூட்டமான நேரத்தில் போகாதீர்கள். பொறுப்பில் இருப்பவரைக் கேளுங்கள். அவர் இல்லையென்றால் எப்போது வருவார் என்று கேட்டு அந்த நேரத்துக்குத் திரும்பப் போங்கள், சொன்னபடி வருகிற ஆள் என்று அங்கேயே காட்டிவிடுவீர்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறை விசாரிக்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வேலைக்காக யாருக்கும் பணம் கட்டாதீர்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடைக்கு முன்பணம், எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக 1997-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆவது உடன்படிக்கை வைத்திருக்கிறது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாது. அதைத் திரும்ப வாங்கவே மாசக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலை தருகிறோம் என்று சொன்னதும் சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, எத்தனை மணி நேரம், வார விடுமுறை எது, எல்லாவற்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், ஒரு மெசேஜாக இருந்தாலும் போதும். ‘கொஞ்ச நாள் சம்பளம் இல்லாமல் செய்து பாரு’ என்றால் எத்தனை நாள் என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் அந்த இடம் வேண்டாம். போக வர ஆகும் நேரத்தையும் செலவையும் சம்பளத்தில் கழித்துப் பாருங்கள், தூரத்தில் கிடைக்கும் கூடுதல் சம்பளம் சில சமயம் வழியிலேயே கரைந்துவிடும்.

பிறகு, சேருவதற்கு முந்தைய நாள் அதே நேரத்தில் வீட்டிலிருந்து கிளம்பி அந்த வாசல் வரை ஒருமுறை போய் வாருங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துகொண்டு மறுநாள் அதைவிட இருபது நிமிஷம் முன்னதாகக் கிளம்புங்கள்.