வெளிநாட்டுக்கு ஓவியம் அனுப்ப மரப்பெட்டி செய்வது எப்படி

கடல் தாண்டிப் போகும் ஓவியப் பெட்டிக்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, இறங்கும் இடத்தில் மரத்தைப் பார்க்கும் தாவர நோய்த்தடுப்பு ஆய்வாளர். இன்னொன்று, வழியில் யாரோ கைதவறிப் போடும் அந்த ஒரு விநாடி. முதல் சோதனையில் பெட்டியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் முத்திரை இல்லாத ஒரே ஒரு ரீப்பர் துண்டு. இரண்டாவதில் ஓவியத்தைக் கெடுப்பது, பல நேரம், தேவைக்கு மேல் திணித்த ஃபோம்.

மரமும் முத்திரையும்

மரப் பேக்கிங்குக்கான பன்னாட்டு விதியின் பெயர் ஐஎஸ்பிஎம் 15. 2002-இல் வந்தது. மரத்துக்குள் இருக்கும் வண்டும் புழுவும் நாடு தாண்டக் கூடாது என்பதே அதன் நோக்கம். பெட்டி உறுதியாக இருக்கிறதா என்பது அதன் கவலையே இல்லை. அறுத்த மரம் எதுவாக இருந்தாலும் அதன் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடமாவது இருந்திருக்க வேண்டும். இந்த முறைக்கு முத்திரையில் எச்டி என்ற குறி வரும். அதற்குப் பதில் மீதைல் புரோமைடு புகையூட்டியிருந்தால் எம்பி என்று குறி. ஓவியப் பெட்டிக்கு எச்டி மரத்தையே கேளுங்கள்.

மரப்பட்டையும் உரித்திருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டைத் துண்டு 3 செ.மீ.க்குக் குறைந்த அகலமாக இருந்தால் எவ்வளவு நீளமானாலும் விட்டுவிடுவார்கள். அதைவிட அகலமாக இருந்தால் ஒவ்வொரு துண்டின் பரப்பும் 50 சதுர செ.மீ.க்குள் அடங்க வேண்டும்.

பசையும் வெப்பமும் அழுத்தமும் கொடுத்துச் செய்யும் ப்ளைவுட், துகள் பலகை போன்றவற்றுக்கு இந்த விதி பொருந்தாது. 6 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய மரத்துக்கும் விலக்கு உண்டு. ஆகவே பெட்டியின் சுற்றுச்சட்டம், அடியில் வைக்கும் சறுக்குக்கட்டை எல்லாவற்றையும் ப்ளைவுட்டை அடுக்கி ஒட்டிய பட்டையிலேயே செய்துவிட்டால் முத்திரையே தேவையில்லை. ஆனால் கடைசி நேரத்தில் உள்ளே ஒரு சாதாரண மர ஆப்பை வைத்து இறுக்கினால் அந்த விலக்கு போயிற்று. ஆய்வாளருக்கு அந்த ஆப்பும் பேக்கிங் மரம்தான்.

முத்திரையை நீங்களாகக் குத்த முடியாது. அந்தந்த நாட்டுத் தாவரப் பாதுகாப்பு அமைப்பு அனுமதி கொடுத்த நிறுவனம்தான் குத்தலாம். கோதுமைக் கதிர்ச் சின்னம், இரண்டெழுத்து நாட்டுக் குறி, நிறுவனத்தின் எண், சிகிச்சைக் குறி ஆகிய நான்கும் அதில் இருக்கும். கையால் எழுதியதும் கட்டித் தொங்கவிட்ட அட்டையும் செல்லாது. பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலாவது தெரிய வேண்டும். சிவப்பும் ஆரஞ்சும் ஆபத்தான சரக்கின் லேபிளுக்கு உரிய நிறங்கள் என்பதால் முத்திரைக்கு அவற்றைத் தவிர்ப்பார்கள்.

முத்திரை உள்ள பலகையை வாங்கி நீங்களே அறுத்தால், அறுத்த துண்டுகளில் பாதிக்கு முத்திரை இராது. அதனால் முதலிலேயே அனுமதி பெற்ற நிறுவனத்திடம் பேசி, முடிந்த பெட்டிக்கு அவர்கள் முத்திரை தருவார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். சிலர் வெற்றுப் பெட்டியை முழுதாகவே சூளையில் வைப்பார்கள். அப்படியானால் ஃபோம், ரப்பர் எதையும் அதற்கு முன்னால் ஒட்டாதீர்கள். பசையும் வெப்பம் தாங்கும் வகையாக இருக்கட்டும். 'சூளையில் உலர்த்திய மரம்' என்று கடைக்காரர் சொல்வதும் எச்டி முத்திரையும் ஒன்றல்ல. எச்டி மரம் ஈரமாகவும் இருக்கலாம். ஈரப்பத மீட்டரில் 15 சதவீதத்துக்குள் காட்டுகிற மரத்தையே எடுங்கள்.

விதியை மீறிய பெட்டியைத் திருப்பி அனுப்பலாம், அழிக்கலாம், அங்கேயே புகையூட்டலாம். கடைசியாகச் சொன்னதுதான் மோசம். மீதைல் புரோமைடு தோல், கம்பளி, ரப்பர் போன்ற கந்தகம் கலந்த பொருள்களோடு வினைபுரிந்து போகாத நாற்றத்தை விட்டுச்செல்லும்.

அளவு உள்ளிருந்து வெளியே

சட்டத்தோடு 100×80×6 செ.மீ. உள்ள ஓவியம் என்று வைத்துக்கொள்வோம். அதை இரட்டை நெளி அட்டையில் செய்த உள்பெட்டிக்குள் வைத்தால் 108×88×13 செ.மீ., மொத்த எடை 14 கிலோ. சுற்றிலும் 5 செ.மீ. ஃபோம் இடம் விட்டால் மரப்பெட்டியின் உள்ளளவு 118×98×23 செ.மீ. 12 மி.மீ. ப்ளைவுட்டும் வெளிப்புறம் 25 மி.மீ. ரீப்பரும் சேர, நீளம் சுமார் 125 செ.மீ. ஆகும். 10 செ.மீ. சறுக்குக்கட்டையோடு உயரம் சுமார் 115. ஃபோர்க்லிஃப்டின் முள் நுழைய அந்த 10 செ.மீ. வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியை நெம்பித்தான் தூக்குவார்கள்.

பருமன் 30 செ.மீ.தான் வருகிறது. 115 உயரத்துக்கு இது கவிழும் பெட்டி. அடித்தளம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பதால் சறுக்குக்கட்டைகளைக் குறுக்காக 40 செ.மீ. நீளத்துக்கு வையுங்கள். விமானச் சரக்கில் பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்ப்பார்கள்: 125×115×40-ஐ 6000-ஆல் வகுத்தால் 96 கிலோ. பெட்டியின் உண்மை எடை 55 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் கட்டணம் 96-க்கு. பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில் போக வேண்டுமென்றால் உயரம் 160 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் சரக்கு விமானம் தேட வேண்டியிருக்கும்.

பெட்டியைக் கூட்டுவது

ஆறு பலகைகளையும் தனித்தனியே செய்யுங்கள். ப்ளைவுட்டின் வெளி ஓரங்களில் 25×75 மி.மீ. ரீப்பரை மரப்பசை தடவி வைத்து, உள்பக்கத்திலிருந்து 4×35 திருகுகளை 15 செ.மீ.க்கு ஒன்றாக முடுக்குங்கள். ப்ளைவுட்டும் ரீப்பரும் சேர்ந்து 37 மி.மீ., ஆகவே 35 மி.மீ. திருகின் முனை வெளியே எட்டிப்பார்க்காது. 40 போட்டால் தூக்குபவரின் கையைக் கிழிக்கும். திருகின் தலை பலகைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். துளையிடாமல் முடுக்கினால் ரீப்பரின் நுனி பிளக்கும். ஆணி வேண்டாம். அதிர்வில் கழன்றுவரும் என்பது ஒருபுறம், அடிக்கிற அடி ஓவியத்துக்கே போகும் என்பது இன்னொரு புறம்.

பலகைகளை ஒன்றோடொன்று சேர்க்கும்போது திருகு ரீப்பரின் பக்கவாட்டில் இறங்கட்டும். ப்ளைவுட்டின் விளிம்பில் இறக்கினால் அடுக்குகள் பிரியும், ரீப்பரின் வெட்டுமுனையில் இறக்கினால் பிடிக்காது. பசை காய்வதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் மூடி உட்காராது.

மூடி பெரிய முகத்தில், பெட்டி நின்றபடியே திறக்கும்படி அமைய வேண்டும். எம்8 போல்ட்டும் வாஷரும், ரீப்பரின் உள்பக்கம் பதித்த நட்டும் போதும், 27 செ.மீ.க்கு ஒன்று என்றால் இந்தப் பெட்டிக்கு 16. சுங்கத்தில் திறந்து பார்த்தாலும் அதே துளையில் திரும்ப மாட்டிவிடலாம். விளிம்பைச் சுற்றி 6 மி.மீ. தடிமன் உள்ள மூடிய செல் (தண்ணீரை உறிஞ்சாத) ரப்பர் பட்டையை ஒட்டி, அது பாதியாக அமுங்கும்வரை முடுக்குங்கள். மூலையில் பட்டையை வளைத்தால் மடிப்பின் வழியே தண்ணீர் புகும். வெட்டி, முட்டவைத்து ஒட்டுங்கள்.

உட்புறம் முழுவதும் அலுமினியப் படலம் சேர்ந்த பாலிஎத்திலீன் தாளை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து ஒட்டிவிடலாம். ப்ளைவுட்டின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடையும் வெளியே உள்ள ஈரத்தையும் அது தடுக்கும். வெளியே இரண்டு கோட் பெயின்ட் அடியுங்கள். முத்திரை மீது தூரிகை படவே கூடாது.

ஃபோம்: பரப்பைக் கணக்கிடுங்கள்

ஃபோம் அமுங்கினால்தான் அதிர்ச்சியை வாங்கும். 14 கிலோவை ஒரு பெரிய ஃபோம் பாளத்தின் மேல் வைத்தால் அது அமுங்காது. பலகையில் விழுந்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இராது. பரப்பு மிகவும் குறைந்தாலோ முழுக்க நசுங்கி அடிப்பலகையில் மோதும். கன மீட்டருக்கு 35 கிலோ அடர்த்தியுள்ள பாலிஎத்திலீன் ஃபோம், 5 செ.மீ. தடிமன் என்றால், சதுர செ.மீ.க்கு 50 கிராம் அளவில் தொடங்கலாம். உங்கள் ஃபோமுக்கு உற்பத்தியாளர் தரும், எந்தச் சுமைக்கு எவ்வளவு அதிர்ச்சி கடக்கும் என்று காட்டும் வரைபடத்தில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

14,000 கிராமை 50-ஆல் வகுத்தால் 280 சதுர செ.மீ. உள்பெட்டியின் அடியில் 11×13 செ.மீ. திண்டுகள் இரண்டு. இரு பக்கவாட்டிலும் மேலேயும் அதேபோல் இரண்டிரண்டு. முன்னும் பின்னும் மூலைக்கு ஒன்றாக 8×9 செ.மீ. திண்டுகள் நான்கு. இடையில் உள்ள வெற்றிடத்தைப் பார்த்தால் கை பரபரக்கும், எதையும் திணிக்காதீர்கள். திண்டின் அகலம் அதன் தடிமனைப்போல் ஒன்றரை மடங்காவது இல்லையென்றால், அமுங்குவதற்குப் பதில் மடிந்து சாயும்.

தெர்மாகோல் ஓர் அடியிலேயே நசுங்கிவிடும், அடுத்த அடிக்கு உதவாது. பபிள் ராப்பின் குமிழ்ப் பக்கம் வார்னிஷ் மீது பட்டால் வட்டவட்டமாக அச்சு விழும். சட்டத்தில் கண்ணாடி இருந்தால் எளிதில் உரியும் டேப்பை விளிம்பு வரை வரிவரியாக ஒட்டுங்கள். அக்ரிலிக் தாளிலும் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள கண்ணாடியிலும் டேப் ஒட்டக் கூடாது.

அனுப்பும்போதும் திரும்பும்போதும்

கண்ணாடிக் கோப்பை, மேல்நோக்கிய அம்புகள், குடை ஆகிய ஐஎஸ்ஓ 780 குறிகளை அடுத்தடுத்த பக்கங்களில் கறுப்பில் பதியுங்கள். கழற்ற வேண்டிய போல்ட்டுகளைச் சுற்றி ஒரே நிறத்தில் வட்டமிடுங்கள். பெட்டியைத் திறக்கும் வரிசையைப் படங்களோடு மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். லாரியில் ஓவியம் நின்றபடி, அதன் தளம் பயணத் திசையோடு ஒன்றி இருக்கும்படி ஏற்ற வேண்டும். பிரேக் போடும்போது கான்வாஸ் முன்னும் பின்னும் ஆடாது. சேர்ந்த இடத்தில் 24 மணி நேரம் மூடியே இருக்கட்டும். குளிர்ந்த பெட்டியை உடனே திறந்தால் ஈரம் ஓவியத்தின் மேல் படியும்.

அதே பெட்டியில் ஓவியம் திரும்பி வருவதானால் முதலில் ரீப்பர்களைப் பாருங்கள். உடைந்ததை மாற்றலாம், ஆனால் மாற்றும் மரமும் விதிப்படி சிகிச்சை செய்து முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். மாற்றியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விதிப்படி அது புதிதாகச் செய்த பெட்டி: பழைய முத்திரைகளை அழித்து, மறுபடி சிகிச்சை செய்து, புது முத்திரை வாங்க வேண்டும்.