பிள்ளைகளின் கைப்பேசியில் கரையும் பணம்

பதின்வயதுப் பிள்ளை விளையாடும் கைப்பேசியில் உங்கள் வங்கி அட்டையோ யுபிஐ கணக்கோ இணைந்திருந்தால், ப்ளே ஸ்டோரின் மேல்மூலையில் உள்ள சுயவிவரப் படத்தைத் தொட்டு, அமைப்புகளுக்குள் சென்று, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி முதலில் மாற்றிவிடுங்கள். ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க் செயலியையும் ஐபோனில் குடும்பப் பகிர்வையும் அமைத்து, வாங்க அனுமதி கேட்கும் வசதியை இயக்கிவைத்தால், பிள்ளை எதையேனும் வாங்க முயலும்போது கோரிக்கை உங்கள் கைப்பேசிக்கு வரும். ஆனால் வாங்குவதைப் பொறுத்தவரை, ஃபேமிலி லிங்க் கவனிப்பது கூகுள் ப்ளே வழியாக நடப்பவற்றை மட்டுமே. வேறொரு இணையதளத்தில் டாப்-அப் செய்தால் அது கண்ணில் படாது.

என் அக்கா மகன் கைப்பேசி விளையாட்டுக்குள் நாணயம்போலப் பயன்படும் வைரங்களை எண்பது, நூறு ரூபாயாகத்தான் வாங்கிவந்தான். மாதக் கடைசியில் வங்கிக் குறுஞ்செய்திகளை வரிசையாகப் பார்த்தபோதுதான் தொகை ஆயிரத்தைத் தாண்டியிருப்பது அக்காவுக்குத் தெரிந்தது. சிறு தொகைகளுக்கான யுபிஐ லைட் வசதியில் ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே செலுத்த முடியும் என்பதால், பிள்ளைகள் எடுத்துப் பயன்படுத்தும் கைப்பேசியில் அதை நிறுத்திவைப்பதே நல்லது. அட்டைக்குப் பதிலாக மாதம் ஒரு முறை குறிப்பிட்ட தொகைக்கு கூகுள் ப்ளே கிஃப்ட் கார்டு வாங்கித் தருவது எனக்குப் பிடித்த வழி. தீர்ந்துவிட்டால் அடுத்த மாதம்தான்.

தெரியாமல் வாங்கிவிட்டிருந்தால், 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பியுங்கள். அதற்குப் பிறகு பெரும்பாலும் அந்தச் செயலியை உருவாக்கியவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.