மூடிப்போன சினிமா கொட்டாயின் கதையைத் திரட்டுவது எப்படி

கொங்குப் பக்கம் பல ஊர்களில் இல்லாத தியேட்டரின் பேரில் ஒரு பஸ் ஸ்டாப் இருக்கும். கட்டடம் கல்யாண மண்டபமாகவோ நூல் குடோனாகவோ மாறியிருக்கும், கண்டக்டர் மட்டும் இன்னும் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆளை இறக்குவார். 1914-இல் கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹாலைப் பற்றி எழுதப் பலர் உண்டு. உங்கள் ஊர்க் கொட்டாயைப் பற்றி நீங்கள் எழுதினால்தான் உண்டு.

முதலில் ஆட்களைப் பாருங்கள், காகிதம் அப்புறம். எடுத்தவுடன் முதலாளி வீட்டுக்குப் போகாதீர்கள், அங்கே திறப்பு விழாவுக்கு யார் யார் வந்தார்கள் என்பதுதான் கிடைக்கும். ஆபரேட்டர், டிக்கெட் கிழித்தவர், சைக்கிள் ஸ்டாண்டு எடுத்திருந்தவர், இடைவேளையில் முறுக்கு விற்ற அம்மா, இவர்களிடம்தான் சரக்கு இருக்கிறது.

"எந்த வருசமுங்க ஆரம்பிச்சாங்க?" என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். "நீங்க அங்க பார்த்த மொதப் படம் என்னங்கய்யா?" என்று கேளுங்கள். 'உலகம் சுற்றும் வாலிபன்' என்று பதில் வந்தால், அது 1973 மே மாதம் வெளியான படம், அதற்கு முன்னால் அவர் அங்கே போகவில்லை என்று தெரிந்துவிடும். அதற்காக 1973-லேயே பார்த்தார் என்று எழுதிவிடக் கூடாது. பெரிய ஊரில் ஓடித் தேய்ந்த பிரிண்ட்தான் சின்ன ஊருக்கு வரும், அதுவும் மாசக்கணக்கில் தாமதமாக, எம்ஜிஆர் படம் என்றால் திரும்பத் திரும்ப வேறு போடுவார்கள். அதனால் கூடவே "அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?" என்று ஒரு கேள்வி போட்டால் வருஷம் ஓரளவுக்கு இறுகும்.

இன்னொரு நல்ல கேள்வி, எத்தனை இடைவேளை விட்டார்கள் என்பது. ஆயிரம் அடி ரீல் சுமார் 11 நிமிஷம்தான் ஓடும், ரெண்டு மூணை ஒட்டிப் பெரிய ஸ்பூலில் சுற்றினாலும் ஒரே புரொஜெக்டர் என்றால் அதை மாற்றும்போதெல்லாம் படத்தை நிறுத்தி லைட்டைப் போட்டாக வேண்டும். ஆக மூணு நாலு இடைவேளை என்று சொன்னால் கொட்டாயில் ஒரே மிஷின்தான் இருந்திருக்கும். ஆபரேட்டர் கிடைத்தால், புரொஜெக்டருக்கு வெளிச்சம் கொடுத்த கார்பன் குச்சியைப் பற்றிப் பேச விடுங்கள். குச்சி எரிந்து குறையக் குறைய ரெண்டு குச்சிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் திரை மங்கிவிடும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். இதை அவர் கையை ஆட்டிக் காட்டிச் சொல்வார், வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, காகிதம். 1955-ஆம் வருஷச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்டங்களில் லைசென்ஸ் கொடுப்பவர் கலெக்டர், அந்த லைசென்ஸைத்தான் 'சி பாரம்' என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். எந்த கலெக்டர் ஆபீஸ் என்பதில்தான் சிக்கல். காங்கேயமும் தாராபுரமும் 1979 வரை கோவை மாவட்டம், அப்புறம் ஈரோடு, 2009-இலிருந்து திருப்பூர். மூணு இடத்துக்கும் எழுதிப் போடுங்கள். டூரிங் கொட்டாய் என்றால் தற்காலிக லைசென்ஸ்தான், அடுத்தடுத்துப் புதுப்பித்திருப்பார்கள், நடுவில் இடைவெளி விழுந்தால் ஏன் என்று விசாரியுங்கள்.

ஏன் மூடினார்கள் என்று கேட்டால் எல்லோரும் டிவியைக் கைகாட்டுவார்கள். அதை அப்படியே எழுதுவது எனக்கு ஒப்பாது, டிவி வந்த பிறகும் நன்றாக ஓடிய கொட்டாய்கள் உண்டு. பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே நம்பரைப் போட்டு வில்லங்கம் பாருங்கள், காசு கிடையாது. கடைசிக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைப் பத்திரமோ, அடமானமோ, கிரயமோ பதிவாகியிருந்தால் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். குடும்பச் சங்கதி என்பதால் எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.