"முன்னுக்கு ரெண்டு போதும் அண்ணை": பனிக்கு ரயர் வாங்கும்போது விடும் பிழைகள்

நவம்பர் பிறந்துவிட்டால் ஸ்காபரோவில் எங்கள் கராஜின் தொலைபேசி ஓயாது. முதல் பனி கொட்டிய அன்று காலை ஏழு மணிக்கே வாசலில் கார்கள் வரிசையாக நிற்கும். வருகிறவர்களில் பாதிப்பேர் புதிதாகக் கனடா வந்த பிள்ளைகள். அவர்கள் கேட்பதெல்லாம் இருபது வருஷத்துக்கு முன் நான் கேட்டவைதான். அதே கேள்வி, அதே பிடிவாதம். மொட்டை ரயரில் ஓடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

ஆல் சீசன் என்ற பெயரை நம்புவது

"நாலு காலத்துக்கும் எண்டுதானே போட்டிருக்கு?" போட்டிருக்கிறதுதான். நாங்கள் அதை மூன்று காலத்து ரயர் என்போம். ஜனவரிக் காலையில் வெளியே கிடக்கும் ஆல் சீசன் ரயரைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சப்பாத்துக் குதி மாதிரி இறுகி இருக்கும். பக்கத்தில் கிடக்கும் விண்டர் ரயரில் நகம் கொஞ்சம் பதியும், அழிறப்பர் மாதிரி. வித்தியாசம் முதலில் அந்த றப்பர் கலவையில்தான். வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போகப் போக ஆல் சீசன் இறுகிக்கொண்டே போகும். விண்டர் ரயர் இளக்கமாகவே நிற்கும். அதன் மேல் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். சில்லு உருளும்போது அவை விரிந்து பனியைக் கடித்துப் பிடிக்கும்.

ஆகவே பனி விழுந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருப்பது கணக்குத் தப்பு. ரொறன்ரோவில் நவம்பர்க் காலைகள் பல, தார் காய்ந்திருந்தாலும், 7 பாகைக்குக் கீழேதான்.

ரயரின் பக்கத்தில் இருக்கும் அடையாளத்தையும் பாருங்கள். எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால், அது மேல்வெட்டின் வடிவத்தைத்தான் சொல்கிறது. பனியில் ஓட்டிச் சோதித்ததற்கு அது சாட்சி அல்ல. மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் இருந்தால்தான் சோதனையில் தேறிய ரயர். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் சட்டப்படி கட்டாயம். அங்கே தேடுவது இந்த மலைப் படத்தைத்தான். ஒன்ராறியோவில் அப்படிக் கட்டாயம் இல்லை.

ஆல் வெதர் என்று இன்னொன்று விற்கிறார்கள். பெயர் குழப்பும், ஆனால் ஆல் சீசன் வேறு, இது வேறு. இதில் மலைப் படம் இருக்கும், வருஷம் முழுக்கக் கழற்றாமல் ஓடலாம். நகரத்துக்குள் வேலைக்குப் போய் வருபவருக்கு நான் மறுக்காமல் பூட்டிக் கொடுப்பேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுவேன்: அந்தப் படத்துக்கான சோதனை இறுகிய பனியில் இழுவையைத்தான் அளக்கிறது, ஐஸில் பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும் என்பதை அல்ல. வடக்கே பரி (Barrie), சட்பரிப் பக்கம் அடிக்கடி ஓடுபவர் தனி விண்டர் ரயரே வாங்கட்டும்.

முன்னுக்கு இரண்டு மட்டும் பூட்டுவது

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வரும். முதல் எரிச்சல் என்மேல்தான்.

என் முதல் கார் ஒரு பழைய கொரோலா. முன் சில்லில் இழுக்கிற கார். நாலு விண்டர் ரயரின் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. இழுப்பது முன் சில்லு, திருப்புவதும் முன் சில்லு, பின்னது சும்மா உருளுறதுதானே என்று நானே நியாயம் கண்டுபிடித்து முன்னுக்கு இரண்டு மட்டும் பூட்டினேன். இரண்டு கிழமை ராசா மாதிரி ஓடினேன். தொடர்மாடியின் தரிப்பிடத்தில் மற்றவர்களின் கார்கள் பனியில் சில்லுச் சுழற்றி உறுமும்போது என்னுடையது அலுங்காமல் வெளியே வரும். இந்தப் பிழையின் பொறியே அங்கேதான். கார் கிளம்புகிறது, திரும்புகிறது, எல்லாம் சரி என்று மனம் சொல்லும். பின்பக்கம் என்ன நிலையில் இருக்கிறது என்று கையில் தெரியவே தெரியாது.

ஒரு பின்னேரம் வேலை முடிந்து 401 நெடுஞ்சாலையில் இருந்து இறங்குகிறேன். வளைந்த இறக்கம், மேலே மெல்லிய பனி. வேகம் கூடிவிட்டது போல இருக்கவே காலை எடுத்துப் பிரேக்கைத் தொட்டேன். முன்பக்கம் அப்படியே கடித்துப் பிடித்தது. பின்பக்கம் நிற்கவில்லை. அடுத்த கணம் நான் பார்த்தது எனக்குப் பின்னால் வந்த கார்களின் வெளிச்சத்தை, முன் கண்ணாடி வழியாக. பின் மூலை தடுப்பில் மோதி நின்றது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு ரயரில் மிச்சம் பிடித்த காசு தகரவேலைக்கே காணவில்லை. காப்புறுதி ஏறியது தனிக்கதை.

நடந்தது இதுதான். காலை எடுத்தாலோ பிரேக் பிடித்தாலோ காரின் பாரம் முன்னுக்குச் சாயும். முன் சில்லுக் காரில் எஞ்சினும் முன்னுக்கு என்பதால் பின்பக்கம் ஏற்கெனவே இலேசு. குளிரில் இறுகிய ரயர், அதன்மேல் பாரமும் இல்லை என்றால் வளைவில் அது எதைப் பிடிக்கும்? முன்னுக்கு நல்ல பிடி இருப்பதுதான் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. நாலும் ஆல் சீசனாக இருந்திருந்தால் நான் அந்த வேகத்தில் அங்கே வந்தே இருக்கமாட்டேன். முன்கால் இரண்டுக்கும் லாடம் அடித்துப் பின்காலைச் சும்மா விட்ட மாட்டைச் சறுக்கலில் இறக்கியது போல.

பின் சில்லில் இழுக்கிற கார்க்காரர் இதையே மறுபக்கமாகச் செய்வார். பின்னுக்கு இரண்டு மட்டும். அப்போது கார் கிளம்பும், ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

சில வருஷத்துக்கு முன் ஒரு கல்லூரிப் பெடியன் வந்தான். "முன்னுக்கு ரெண்டு போதும் அண்ணை, பின்னுக்குப் பிறகு பாப்பம்." நான் மாட்டேன் என்றேன், என் கதையையும் சொன்னேன். வேறெங்கோ போய்ப் பூட்டிக்கொண்டான். ஏப்ரலில் ஒயில் மாற்ற எங்களிடமே வந்து சிரிக்கிறான்: "பாத்தீங்களா, ஒண்டும் நடக்கேல்லை." அவனுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு வளைவும் ஒரு பிரேக்கும் ஒரே இடத்தில் சந்திக்காத குளிர்காலம் அவனுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். இப்போது அவன் தன் சிநேகிதர்களுக்கும் இரண்டு போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பான்.

கையில் காசு இல்லையென்றால் வழி இல்லாமல் இல்லை. பெயர்பெற்ற கம்பனியில் இரண்டு வாங்குவதற்குப் பதில் விலை குறைந்ததில் நாலு வாங்கலாம். பழையதில் நல்லதாக நாலு தேடலாம். கடும் பனி நாளில் காரை நிறுத்திவிட்டு ரீரீசி பஸ்ஸில் போகலாம், நானே போயிருக்கிறேன். 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் விண்டர் ரயருக்குக் காப்புறுதிக் கம்பனிகள் கட்டணத்தில் கழிவு தரவேண்டும். நாலு சில்லுக்கும் பூட்டினால்தான் அது கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: நாலில் இரண்டு தேய்ந்து, அதே இனத்தில் இரண்டு புதிதாக வாங்கினால் புதியவை பின்னுக்கு. முன் சில்லுக் காருக்கும் அப்படித்தான். இதைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வராத வாடிக்கையாளர் இல்லை.

"எனக்கு நாலு சில்லும் இழுக்கும்"

இழுக்கும். நிற்காது. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சில்லில்தான்.

கோடை ரயரோடு வரும் பழைய ஜேர்மன் கார்

வேகக் கார்களில் தனிக் கோடை ரயர் இருக்கும். கோடையில் அதன் பிடிக்கு ஈடில்லை, மழையிலும்தான். கடும் குளிரில் அந்த றப்பரில் வெடிப்பு விழக்கூடும், ஓடாமல் நின்றாலும்கூட. நவம்பரில் அப்படிக் கார் வாங்கினால் முதல் வேலை ரயர்.

மேல்வெட்டின் பள்ளத்தை மட்டும் பார்த்துப் பழைய ரயர் வாங்குவது

ரயரின் பக்கத்தில் டொட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. பார்க்கப் புதிதாகவும் நகத்துக்குக் கல்லாகவும் இருக்கும் விண்டர் ரயர்களை வாரம் ஒன்றாவது காண்கிறேன். பள்ளம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பனிக்கு அது முடிந்த ரயர்.

ஒக்டோபரில் அடித்த காற்றோடு ஜனவரியில் ஓடுவது

5, 6 பாகை குளிர்ந்தால் ரயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். சாரதிக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் அளவு. ரயரில் பொறித்திருப்பது உச்சவரம்பு.

மே மாதமும் விண்டர் ரயர்

கரைந்துபோகும். அடுத்த டிசம்பருக்கு மீதி இருக்காது.

கழற்றும்போது அடையாளம் போடாதது

முன் இடது, பின் வலது என்று சோக்கட்டியால் எழுதுங்கள். எது எங்கே இருந்தது என்று ஆறு மாதம் கழித்து என்னைக் கேட்காதீர்கள்.

நட்டு

மாற்றி 100 கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப இறுக்க வேண்டும். எங்களிடம் பூட்டியவர்கள் வந்தால் இரண்டு நிமிஷ வேலை, காசு வாங்குவதில்லை. பத்தில் மூன்று பேர்கூட வருவதில்லை.