கேரவன் பேட்டரியைத் தீர்த்துக்கட்டும் அந்த ஒரு ஸ்விட்ச்

சென்ற ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், எச்சூக்கா அருகே, மர்ரே ஆற்றங்கரைக் காட்டில் கேரவனை (காருக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் நடமாடும் வீடு) நிறுத்தியிருந்தோம். மின் இணைப்பு கிடையாது. இரண்டு மரம் தள்ளி ஓர் இளம் தம்பதி. மறுநாள் காலை அந்தப் பையன் வந்து, "அண்ணா, விளக்கு எரியவில்லை, தண்ணீர் பம்பும் ஓடவில்லை. பேட்டரி புதிதுதான்" என்றான். எழுந்திருக்காமலே கேட்டேன்: "பிரிட்ஜ் ஸ்விட்ச் எதில் இருக்கிறது?"

12 வோல்ட்டில். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் விட்டுவைத்த அதே இடத்தில்.

கேரவன் மின்சாரத்தில் பலரும் செய்யும் தவறுகள் இவை, முதலில் அந்த ஸ்விட்ச். விளக்கை அணைக்க மறப்பதைப் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. எல்.ஈ.டி. விளக்கு விடியவிடிய எரிந்தாலும் பேட்டரிக்கு அது கொசுக்கடி.

பிரிட்ஜை 12 வோல்ட்டில் விட்டுத் தூங்குவது

பழைய கேரவன்களில் பெரும்பாலும் 240 வோல்ட், 12 வோல்ட், கேஸ் என மூன்று வழி பிரிட்ஜ்தான் இருக்கும். அதில் கம்ப்ரஸர் இல்லை. அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கித்தான் குளிரை உண்டாக்குகிறது. அதாவது, 12 வோல்ட்டில் வைத்தால் உங்கள் பேட்டரி இரவெல்லாம் ஒரு ஹீட்டரைச் சுமக்கிறது. பத்து, பன்னிரண்டு ஆம்பியர், நிற்காமல். 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். பேட்டரியில் (ஈய பேட்டரியில் ஒரு வகை) பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. இரவு ஒன்பதுக்குப் படுத்தால் ஒன்றரைக்குள் அந்தப் பாதி காலி.

அந்த 12 வோல்ட் வழி, வண்டி ஓடும்போது குளிர் குறையாமல் பார்த்துக்கொள்ள மட்டுமே. முறையாக வயரிங் செய்திருந்தால் இன்ஜின் நின்றதும் தானே துண்டித்துக்கொள்ளும். எனக்குக் கேரவனை விற்றவர் அதை நேராக உள் பேட்டரியில் கோத்திருந்தார். "எல்லாம் வேலை செய்கிறது" என்றார். பொய் சொல்லவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காலையில் என் மீட்டர் 10.4 வோல்ட் காட்டியது. வெளியே 40 டிகிரி. மாலைக்குள் பிரிட்ஜிலிருந்த இட்லி மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு கோழிக்கறிப் பொட்டலத்தின் மேல் வழிந்திருந்தது. அதைக்கூட மன்னித்துவிட்டேன். இன்றும் எரிச்சல் மூட்டுவது அடுத்து நான் செய்ததுதான்: வீடு திரும்பி, பேட்டரியைப் பத்து நாள் அப்படியே போட்டுவைத்தேன். ஈய பேட்டரி காலியாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் செய்தபோது, நிறைந்த பேட்டரி போல 12.7 காட்டியது, பம்பைப் போட்டதும் 11க்குச் சரிந்தது. 320 டாலர் போயிற்று. வந்த அன்றே சார்ஜில் போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம்.

வண்டியை நிறுத்தியதும் கேஸுக்கு மாற்றுங்கள். மட்டமான இடமாகப் பாருங்கள். சாய்ந்து நின்றால் கரைசல் சரியாக ஓடாது. வெளிப்புறக் காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள். பெட்ரோல் பங்க்குக்குள் நுழையுமுன் கேஸை அணைத்துவிடுங்கள்.

சோலார் பேனலைத் தெற்கே திருப்புவது

நம்மூர்க் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே தெற்கு சரி. ஆஸ்திரேலியாவில் வடக்கு. பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே வரத்து வெகுவாகக் குறையும். வெயிலுக்கு எடுத்துச்செல்ல நீளமான கேபிள் வேண்டும், தடிமனாகவும் இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் மெல்லிய கம்பி வழியிலேயே தின்றுவிடும். நிழல் தேடி ரெட் கம் (ஒரு யூகலிப்டஸ் வகை) மரத்தடியில் கேரவனையும் நிறுத்தாதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் அது கிளையை முறித்துப்போடும்.

லித்தியத்துக்குப் பழைய சார்ஜர்

லித்தியம் பேட்டரிக்கு மாறும்போது, பழைய சார்ஜரில் லித்தியத்துக்கான அமைப்பு (செட்டிங்) இல்லையென்றால் சார்ஜரையும் சேர்த்து மாற்றுங்கள்.

இன்வெர்ட்டரில் கெட்டில்

2,200 வாட் என்றால் பேட்டரியிலிருந்து 200 ஆம்பியர். கேஸ் அடுப்பு எதற்கு இருக்கிறது?