ஆங்கிலத்தில் தொலைந்துபோகும் 'ங்க'

"அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் இன்னிக்கே அனுப்பிடுங்களேன்." அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரிடம் இப்படித்தான் கேட்போம். 'கொஞ்சம்' ஒரு பணிவு, 'ங்க' ஒரு மரியாதை, கடைசியில் இழுக்கும் 'ஏன்' ஒரு வேண்டுதல். என்னிடம் ஆங்கிலம் படித்த ஒரு பெண் இதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு லண்டனில் இருந்த மேலாளருக்கு எழுதினார்: "சென்ட் மீ த ரிப்போர்ட் டுடே." இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்றும் உதிர்ந்துபோய் வெறும் கட்டளைதான் போய்ச் சேர்ந்தது.

தமிழில் மரியாதை பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. அங்கே மரியாதை வாக்கியத்தின் தலைப்பக்கம் வரும்: "குட் யூ (could you)...", "வுட் யூ மைண்ட்...". கடைசியில் ஒரு 'ப்ளீஸ்' ஒட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது, கட்டளை கட்டளையாகவேதான் இருக்கும். வாக்கியத்தையே கேள்வியாக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இலக்கணம் தப்பினால் "இவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது" என்று விட்டுவிடுவார்கள். தொனி தப்பினால் ஆளையே திமிர் பிடித்தவர் என்று நினைப்பார்கள். ஜென்னி தாமஸ் என்ற மொழியியலாளர் 1983-லேயே இதை எழுதினார். 1998-இல் பார்டோவி-ஹார்லிக், டோர்னியெய் இருவரும் செய்த ஆய்வில், ஹங்கேரி வகுப்பறைகளில் ஆங்கிலம் படித்தவர்கள் இலக்கணப் பிழையையே பெரிதாக மதிப்பிட்டார்கள். அமெரிக்காவில் இருந்து படித்தவர்களுக்கோ தொனிப் பிழைதான் பெரிதாகப் பட்டது. நம் வகுப்புகளும் ஹங்கேரி பக்கம்தான்: சிவப்பு மை முழுக்க இலக்கணத்துக்கே.

எதிர்த்திசையிலும் சறுக்குகிறோம். "யூ மைட் வான்ட் டு செக் திஸ் அகெய்ன்" என்று ஆங்கிலேய மேலாளர் சொன்னால், விருப்பப்பட்டால் பார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் திருத்திக் கொண்டு வா என்றுதான் அர்த்தம். கடன் கேட்டவரிடம் "பார்க்கலாம்" என்றால் என்ன பதில் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லையே! அந்தக் காதை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனால் போதும்.

அதனால்தான் 'தமிழில் பேசினால் அபராதம்' என்ற வழக்கம் எனக்குக் கோபத்தைத் தருகிறது. இரண்டு மொழி தெரிந்த பிள்ளையிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு வெறும் வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

நான் வகுப்பில் செய்வது இதுதான். தம்பியிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம், தலைமையாசிரியரிடம் ஒரு பேனா கேட்க வேண்டும். முதலில் தமிழில்: "தாடா", "கொஞ்சம் தாங்கக்கா", "பேனா கிடைக்குமாங்க ஐயா?" அப்புறம் அதே மூவரிடம் ஆங்கிலத்தில். முதல் நாள் மூன்று பேருக்கும் "கிவ் மீ யுவர் பென்" என்றே எழுதுவார்கள். மூன்று தமிழ் வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும், அவர்களே அடித்துவிட்டு வேறு எழுதத் தொடங்குவார்கள்.