சீன் செட்டிங் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு: திரைக்குப் பின்னால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் அம்மன் கோவில் திருவிழா என்றால் பல ஊர்களில் ஒரு ராத்திரி வள்ளி திருமணம் நாடகத்துக்கு என்றே ஒதுக்கியிருப்பார்கள். பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை போகும். நோட்டீஸில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று வரிசையாகப் படத்தோடு பேர் வரும். அடியில் 'சீன் செட்டிங், ஒலி ஒளி' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள் புதிதாக வரும் பிள்ளைகள் செய்கிற தவறுகளைத்தான் எழுதுகிறேன். சிலவற்றை நானும் செய்திருக்கிறேன்.

பெரிய தவறு, யாரிடமும் எதுவும் கேட்காமல் திரையைக் கட்டிவிட்டு ஒதுங்கி உட்கார்வது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பாலர் சபை தொடங்கிய காலத்தில் நாடகம் என்றால் கம்பெனி. நடிப்பவர், திரை இழுப்பவர் எல்லாரும் ஒன்றாக ஊர் ஊராகப் போனார்கள். எந்தப் பாட்டில் எந்தப் படுதா இறங்கும் என்று கைக்கே பழகியிருக்கும். இன்றைய ஸ்பெஷல் நாடகம் அப்படி இல்லை. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி அழைக்கிறார்கள். முருகனும் வள்ளியும் சில சமயம் அன்றைக்கு ராத்திரிதான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. அதனால் அரிதாரம் பூசும் நேரத்திலேயே போய்க் கேட்டுவிட வேண்டும். "வேடன் எந்தப் பக்கம் வர்றீங்கண்ணே? கிழவனா வரும்போது காட்டுப் படுதாதானே போடணும்? வள்ளி குருவி விரட்டுற ஆலோலத்துக்குப் பரண் வேணுமா, பெஞ்சு போதுமா?" பெஞ்சு என்றால் நீங்களே ஒருமுறை ஏறி நின்று, அது ஆடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கவண் சுற்றிக்கொண்டே பாடுகிறவருக்குக் காலடியைப் பார்க்க நேரம் இருக்காது. அப்புறம் ஆர்மோனியக்காரரிடம் ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேடை முழுக்க அவர் கண்ணில்தான் இருக்கும்.

கயிற்றுக்கு வருவோம். முன்பு காடாத் துணியில் தெரு, தர்பார், காடு என்று எழுதிய படுதாக்கள் இருந்தன. அடியில் கம்பு கோத்து, கப்பியில் கயிறு போட்டுச் சுருட்டி ஏற்றுவோம். கம்பு போன இடத்தில் இப்போது இரும்பு பைப். பருத்திக் கயிறு போன இடத்தில் நைலான். நைலான் லேசில் அறுந்துவிடாது, உண்மைதான். ஆனால் பாரம் ஏறினால் நீளும், வழவழப்பால் முடிச்சு நழுவும். ஒரு கிராமத்தில் பழைய பழக்கத்தில் ஒற்றைச் சுருக்குப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது தர்பார் திரை ஒரு பக்கம் சரிந்து, நாரதர் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பைப் கிடந்தது. அவர் பாட்டை நிறுத்தவில்லை. எனக்குத்தான் விடியும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை. நைலானை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து, நுனியில் இன்னொரு முடிச்சுப் போடுங்கள். திரை தொங்கிக்கொண்டிருக்கும்போது கயிற்றை விட்டு நகராதீர்கள்.

கலையரங்கம் இல்லாத ஊரில் கால் நட்டுப் பந்தல் மேடை போட வேண்டியிருக்கும். நம் பக்கத்து மண் பல இடங்களில் மேலே செம்மண், ஓரடி தோண்டினால் செம்பூரான் கல். கடப்பாரை 'ணங்' என்றதும் போதும் என்று காலை நட்டுவிடுவார்கள். வைகாசியில் மத்தியானம் வெயில் அடித்து, சாயங்காலம் காற்றோடு மழை வரும். இப்போது பின்திரைக்கு ஃபிளெக்ஸ் கட்டுகிறோம். துணிப்படுதாவில் காற்று ஓரளவு ஊடுருவிப் போகும். ஃபிளெக்ஸ் பாய்மரம் மாதிரி உப்பி மேடையையே இழுக்கும். குழி ஆழமாகப் போகவில்லை என்றால் நான்கு பக்கமும் இழுகயிறு கட்டி, மணல் மூட்டை வையுங்கள். காற்று எழும்பினால் நாடகத்தை நிறுத்திவிட்டு ஃபிளெக்ஸை அவிழ்த்துவிடுங்கள். விழாக் கமிட்டி கோபித்தாலும் பரவாயில்லை.

மின்சாரத்தில் அலட்சியம் முன்பைவிட இப்போதுதான் அதிகம். மேடைக்குப் போடும் பழைய பார் (PAR) விளக்கு ஒன்று ஆயிரம் வாட் இழுத்தது, வயர் சுடுவது கைக்கே தெரியும். எல்இடி பார் பெரும்பாலும் இருநூறு வாட்டுக்குள் முடிந்துவிடுவதால் எந்த வயரும் போதும், எர்த் தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இரும்பு மைக்கைப் பிடிப்பவர் நடிகர். எர்த் கம்பி அடித்து, 30 மில்லியாம்பியரில் கட் ஆகும் பிரேக்கர் வழியாகத்தான் மேடைக்கு லைன் வர வேண்டும். மூன்று பேஸ் எடுத்தால் நியூட்ரல் வயரை இறுக்கமாக முடுக்கியிருக்கிறதா என்று இரண்டுமுறை பாருங்கள். அது விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறி, ஆம்ப்ளிஃபையரிலிருந்து எல்இடி திரை வரை கருகிவிடும். தெருக் கம்பத்தில் கொக்கி போடுகிற பேச்சே வேண்டாம்.

புகை மிஷினை அளவோடு விடுங்கள். அந்தப் புகையின் பிசுபிசுப்பு தரையில் படிந்து டான்ஸ் ஆடுகிறவர் வழுக்கி விழுவார், விடிய விடியப் பாடுகிறவருக்குத் தொண்டை வறளும். அரிச்சந்திரா மயான காண்டத்தில் தீப்பந்தம் வந்தால் நைலான் திரையை முதலில் தள்ளிக் கட்டுங்கள். நைலான் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். மணல் வாளியும் ஈரச் சாக்கும் மேடைப் பக்கவாட்டில், விங்ஸ் ஓரத்திலேயே இருக்கட்டும்.

இப்போது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளிலும் நிகழ்ச்சி நடத்த அழைக்கிறார்கள். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், மேடை போடும்போது சுத்தியலை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். பர்மா தேக்குத் தூணில் அடித்த ஆணி ஓட்டை மூடாது. கட்ட வேண்டுமென்றால் சாக்கைச் சுற்றி அதன்மேல் கயிறு கட்டுங்கள். கண்ணாடி மாதிரி மின்னும் பழைய சுண்ணாம்புப் பூச்சில் டேப் ஒட்டினால் உரிக்கும்போது பூச்சோடு வரும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு இல்லை, சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்து வார்த்தது. டிரங்குப் பெட்டியை இழுத்தால் கீறல் விழும், எண்ணெய் சிந்தினால் உள்ளே இறங்கிவிடும். ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் நாங்கள் வேலை முடிக்கும்வரை முகப்பிலேயே உட்கார்ந்திருந்தார். "தம்பி, இது எங்க அப்பத்தா கால் வச்ச தரைப்பா" என்றார். அதன்பிறகு எங்கே போனாலும் இரண்டு பழைய ஜமுக்காளம் வண்டியில் ஏற்றிவிடுகிறேன்.

மங்களம் பாடி முடித்ததும் தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றையும் சுருட்டி டாடா ஏஸில் போடத் தோன்றும். எழுதிய படுதா உங்களிடம் இன்னும் இருந்தால் அதை மட்டும் அவசரப்பட்டுச் சுருட்டாதீர்கள். பனியில் நனைந்திருக்கும், சுருட்டினால் பூஞ்சை பிடித்து வண்ணம் உதிரும். மடிக்கவும் கூடாது, மடித்த இடம் வெடிக்கும். கொடியில் போட்டு வெயில் ஏறும்வரை காயவிட்டு, கம்பில் தளர்வாகச் சுற்றி, பாச்சை உருண்டை நாலு போட்டுக் கட்டுங்கள்.